படக்கடை வீட்டுச் சீனச் சாமிகள்

திண்டுக்கல் நாகல் நகரில் படக்கடை அய்யனார் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு, அங்கேயா போகிறீர்கள் என்பதுபோல் ஒரு முறை முகத்தைப் பார்ப்பார்கள். அந்த வீட்டின் நடு அறையில் ஒரு மனிதர் கால் நீட்டிப் படுக்க இடம் கிடையாது. தரையிலிருந்து உத்தரம் வரை பலகை அடித்து, சீனத்துச் சாமிகளும் சாமான்களுமாக அய்யனார் அடுக்கி வைத்திருந்தார். தாடி வளர்த்த கிழவர்கள், முகம் சிவந்த போர்வீரன், பந்தை மிதித்துக்கொண்டு பல்லைக் காட்டும் சிங்க ஜோடி, தங்க ரேக்கு ஒட்டிய செதுக்குப் பலகைகள், நீலப்பூ போட்ட பீங்கான் ஜாடிகள், ஊதுபத்தி குத்தும் ஈயக் கிண்ணங்கள். காலையில் அவற்றையெல்லாம் துடைக்கிற வேலை அவர் மனைவி ராக்கம்மாளுடையது.

தங்க ரேக்கு ஒட்டியதை ஈரத்துணி தொடக்கூடாது, பீங்கானை இரண்டு கையாலும் எடுக்க வேண்டும், சாமியைத் தலையைப் பிடித்துத் தூக்கக்கூடாது. இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. அவள் அப்படியே செய்தாள். பழைய வேட்டித் துணியால் அந்தக் கிழவர்களின் தாடி மடிப்பில் இருக்கும் தூசியை வழித்தெடுக்கும்போது, தன் பிள்ளைக்குக்கூட இத்தனை வருஷம் முகம் துடைத்துவிடக் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைத்துக்கொள்வாள்.

பிள்ளை ஒன்று இருந்தது. தாடிக்கொம்புக்குப் பக்கத்துக் கிராமம் அவர்களுக்கு. கல்யாணம் ஆன இரண்டாம் வருஷமே அய்யனார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பெனாங்குக்குப் போய்விட்டார். அப்போது அவள் வயிற்றில் இருந்த பையனுக்கு மாமனார் பேரை, வேலுசாமி என்று வைத்தார்கள். நடந்து, ஓடி, மாமனாரின் தோளில் உட்கார்ந்து கிணற்றடிக்குப் போய்வருகிற வயதில் பையனுக்குத் தொண்டையில் அடைப்பான் கண்டது. வண்டி கட்டித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே, அவள் மடியிலேயே மூச்சு நின்றுபோனது. சேதி பெனாங்குக்குப் போனது. அய்யனார் வரவில்லை. பிறகு மாமனாரின் கருமாதிக்கு ஒரு முறை வந்து, தங்கிய நாளெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, திரும்பிப் போய்விட்டார்.

அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியது எழுபதாம் வருஷம். அங்கே பிரஜை அல்லாதவர்கள் வேலை பார்க்கக் கெடுபிடி வந்து, கூட்டம் கூட்டமாகத் தமிழர்கள் திரும்பிய சமயம். அத்தனை காலமும் அவர் வேலை பார்த்தது, சீனர்கள் கும்பிடும் சாமிகளும் ஊதுபத்தியும் விற்கிற ஒரு கடையில். மூட்டை தூக்கப் போனவர், கடைக்காரக் கிழவரிடம் உடைந்த சாமிகளைப் பழுதுபார்க்கப் பழகிக்கொண்டார். ஊருக்கு வரும்போது ஒரு தகரப் பெட்டியும் ஒரு மரப் பெட்டியும் கொண்டுவந்தார். மரப் பெட்டியில் வைக்கோலுக்குள் ஒரு பெண்சாமி இருந்தது. வெள்ளையும் பொன்னுமாக, தலையில் முக்காடிட்டு, மடியில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு குனிந்து பார்க்கிற சாமி.

"குவான் இம்னு பேரு. பிள்ள குடுக்குற சாமி" என்றார் அய்யனார். "ஒனக்குன்னுதான் கொண்டாந்தேன்."

ராக்கம்மாள் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். மொட்டைத் தலையில் முன்னுச்சியில் மட்டும் ஒரு கொத்து முடி. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்தை ஒட்டி வயது. அவர் வருவதற்கு முன்பே, அவரோடு அதே கப்பலில் பெனாங்குக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவரின் வீட்டுக்காரி கிணற்றடியில் வைத்து ஒரு வார்த்தையைப் போட்டிருந்தாள். ஒன் புருசன் அங்கே ஒரு சீனத்தியோட குடித்தனம் பண்ணுறதாப் பேச்சு என்று. அவள் அதை அவரிடம் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அந்த வீட்டில் சோறு ஆக்குவது என்று பயந்தாள். ஆனால் வைக்கோலுக்குள்ளிருந்து எழுந்த அந்த முகத்தைப் பார்த்த அன்றைக்கே, இவள்தான் அவள் என்று மனசுக்குள் ஒரு முடிவு விழுந்துவிட்டது. பிள்ளை ஏதும் அதற்குப் பிறகு பிறக்கவில்லை.

கிராமத்து நிலத்தைத் தம்பி பங்காகவே விட்டுவிட்டு, நாகல் நகரில் ஒரு சின்ன வீட்டையும், கடைத்தெருவில் சாமி படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடையையும் அய்யனார் அமைத்துக்கொண்டார். முருகனும் லட்சுமியும் வேளாங்கண்ணி மாதாவும் மக்கா மசூதியும் அவர் கையால் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்தார்கள். படம் மாட்டிக்கொடுக்கப் போன இடத்தில்தான் சேகரிப்பு ஆரம்பித்தது. பேகம்பூரில் ஒரு வீட்டில் படத்துக்கு ஆணி அடித்துவிட்டுக் கைகழுவப் பின்பக்கம் போனவர், அம்மிக்கல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு கரிபிடித்த கட்டையைப் பார்த்தார். புரட்டினால் அதற்குக் கண்ணும் தாடியும் இருந்தன. அந்த வீட்டுப் பாட்டனார் காலத்தில் பெனாங்கு வியாபாரம். அலங்காரத்துக்கு யாரோ கொடுத்தது, பிறகு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. கல் ஒன்றைக் கொண்டுவந்து அம்மிக்கு முட்டாக வைத்துவிட்டு, கட்டையைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கண் அதிலேயே நின்றது. கடல் கடந்து போய்ச் சம்பாதித்தவர்கள் வீடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ. பர்மாவிலிருந்து கட்டிய துணியோடு வந்தவர்கள், எப்படியோ மடிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சின்னச் சின்ன சாமான்கள். சைகோன் பணத்தில் கட்டிய வீடுகளின் பரண்கள். நீலப்பூ ஜாடியில் கல்லுப்பு போட்டு வைத்திருப்பார்கள். ஊதுபத்திக் கிண்ணத்தில் வெற்றிலை எச்சில் துப்புவார்கள். அய்யனார் காசு கொடுத்து வாங்கியது குறைவு. புதுக் கண்ணாடி போட்ட பழனி முருகன் படம் ஒன்றைக் கொடுத்து, தாடிக்காரச் சாமியை வாங்கிக்கொள்வார். பழைய விறகுக்கு நல்ல சாமி கிடைத்தது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கும் சந்தோஷம்.

கொண்டுவந்ததைக் கூடத்தில் வைத்து நாள்கணக்கில் சுத்தம் பண்ணுவார். முறிந்த விரலுக்கு வேப்பங்குச்சியில் விரல் செதுக்குவார். சாமியின் முதுகில் ஒரு சின்ன மூடி இருக்கும்; அதைமட்டும் திறக்கமாட்டார். உள்ளேதான் உசிர் வைத்திருக்கிறார்கள் என்பார். எதற்கு இந்தப் பாடு என்று ராக்கம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அங்கெல்லாம் ஒரு சாமி வேண்டாமுன்னு ஆயிட்டா, மரத்தடியில கொண்டுபோய் வச்சிருவாக. போற வார ஆளு யாராச்சும் எடுத்துக்கிருவாக. இங்க யாரு எடுப்பா?" என்றார்.

அத்தனை அநாதைகளுக்கும் இடம் இருக்கிற மனசில், மண்ணுக்குள் போன தன் பிள்ளைக்கு எந்த மூலை என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் வேலுசாமி பேரை யாரும் எடுப்பதே இல்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் என்று நினைவு, காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டை இடித்து மரம் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினார். தனியாகத் தூக்க முடியாது, நீயும் வா என்று ராக்கம்மாளையும் கூட்டிப்போனார். இடிக்கிற வீட்டில் நல்ல சாமான்களெல்லாம் ஏற்கெனவே மதுரைக்குப் போய்விட்டிருந்தன. வெயிலில் அலைந்து சலித்துத் திரும்புகையில், பின்கட்டில் காவலாளி வைத்திருந்த கோழிக் கூண்டின் கதவைப் பார்த்து அய்யனார் நின்றுவிட்டார். எச்சமும் சேறும் அப்பிய பலகை. விரலில் எச்சில் தொட்டு ஒரு மூலையைத் தேய்த்தார். தங்கம் தெரிந்தது. கடைக்கு ஓடிப்போய்த் தகரமும் ஆணியும் வாங்கிவந்து, கூண்டுக்குப் புதுக் கதவு அடித்துக் கொடுத்துவிட்டுப் பலகையைக் கழற்றினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதை மேலே போட அவருக்கு மனம் இல்லை. ராக்கம்மாளின் மடியில் வைத்து, அவள் முந்தானையால் மூடினார். வழி நெடுக முந்தானையை விலக்கி விலக்கி, இது ராஜா, இது ஆற்றைக் கடக்கிற படை, இந்தக் குதிரைமேல் இருக்கிறது ஆம்பிளை இல்லை, பொம்பிளை, அவள்தான் படைக்குத் தலைவி என்று சொல்லிக்கொண்டே வந்தார். நத்தம் தாண்டும்வரை பேச்சு ஓயவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளோடு அவ்வளவு பேசியது அந்த ஒரு பயணத்தில்தான். பலகையில் ஒட்டியிருந்த கோழி நாற்றம் அவள் சேலையில் துவைத்தும் போகவில்லை. அந்தச் சேலையை அவள் வீட்டில் உடுத்தத்தான் வைத்துக்கொண்டாள், தூக்கிப்போடவில்லை.

சாமான்கள் பெருகப் பெருக, கொடைக்கானலிலிருந்து மிக்கேல்ராஜ் என்ற வியாபாரி தேடிவந்தார். வெள்ளைக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கிற கடை அவருடையது. சிங்க ஜோடியையும் குவான் இம்மையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அய்யனார் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். போகும்போது மிக்கேல்ராஜ் வாசலில் நின்ற ராக்கம்மாளிடம், எப்போதாவது மனசு மாறினால் ஒரு கார்டு போடச் சொல்லிவிட்டுப் போனார்.

எண்பத்தைந்தில், ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்த அய்யனார் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த கருப்புசாமி ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிர் தப்பியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணி, பேச்சும் போய்விட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் அறையில் கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். ராக்கம்மாள் கஞ்சி புகட்டினாள், புரட்டிப்போட்டுத் துடைத்தாள், மலம் ஜலம் எடுத்தாள். நடு அறைச் சாமிகளின்மேல் தூசி படிந்தது.

கார்த்திகை முடிகிற சமயத்தில் அவருக்கு வாய் திரும்பியது. கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் உள்ளே வந்தபோது அவளை நேராகப் பார்த்து, "சியா பா போய்" என்றார். தமிழ் அவரிடம் இல்லை. தண்ணீர் என்றோ வலி என்றோ ஒரு சொல் வரவில்லை. அம்மா என்றுகூட வரவில்லை. அவள் அறைக்குள் வரும்போதெல்லாம் இந்த ஒன்றுதான். சிலசமயம் தெளிவாக, சிலசமயம் குழறலாக, சியாபா, சியாபா என்று கேட்டது.

பக்கத்து வீட்டு ஸ்ரீமதி பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். பார்க்க வந்தவள், செத்த நேரம் நின்று கேட்டுவிட்டு, "யாரையோ பேரு சொல்லிக் கூப்புடுற மாதிரில்ல இருக்கு" என்றாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ராக்கம்மாளுக்கு மட்டும் அது நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் இறங்கியது.

சியாபா. கிணற்றடியில் கேட்ட நாளிலிருந்து பேர் இல்லாமல் இருந்தவளுக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் இவள் ஆக்கிப்போட்ட சோற்றைத் தின்று, இவள் கையால் மலம் எடுக்கவைத்து, இவள் முகத்தையே பார்த்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். தமிழ் முழுக்க மறந்துபோயும் அந்தப் பேர் மறக்கவில்லை. அவள் நடு அறைக்குப் போய்க் குவான் இம்மைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். மறுநாள் காலையில் மறுபடி சியாபா. மத்தியானமும் சியாபா. அவள் பதில் சொல்லாமல் கஞ்சியை வாயில் ஊற்றினாள். ஒருநாள் ஸ்பூன் பல்லில் இடித்து ரத்தம் வந்தது. அவர் அதற்கும் ஒன்றும் செய்யவில்லை. விழுங்கிவிட்டு, அவளைப் பார்த்து அதையே சொன்னார்.

அந்த வாரம் அவள் ஸ்ரீமதியை விட்டு மிக்கேல்ராஜுக்குக் கார்டு எழுதச் சொன்னாள்.

மருந்துச் செலவுக்கு என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள், பாவம், வேறு என்ன செய்வாள் என்றார்கள். மிக்கேல்ராஜ் வேனும் இரண்டு ஆட்களும் ஆப்பிள் பெட்டிகளும் வைக்கோலுமாக வந்தார். நடு அறையிலிருந்து வாசலுக்குப் போக வேண்டுமானால் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியாக அய்யனாரின் கண் முன்னால் போனது. தாடிக்காரர்கள் போனார்கள். சிங்கங்கள் போயின. கோழிக் கூண்டுப் பலகையை ஒருவன் தோளில் சாத்திக்கொண்டு போனான். அதைப் பார்த்ததும் ராக்கம்மாள் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். கடைசியாகக் குவான் இம்மை மிக்கேல்ராஜே இரண்டு கையாலும் ஏந்திவந்தார். அய்யனார் இடது கையை மெல்லத் தூக்கினார். தனக்குக் கும்பிடு போடுகிறார் என்று நினைத்து, மிக்கேல்ராஜ் தலையைக் குனிந்து, வாரேன் ஐயா என்றார்.

சில நாள் அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. நடு அறையைக் கழுவிவிட்டாள். வெறும் பலகைகளில் வெயில் விழுந்தது. அந்த அறையில் பாய் விரித்துக் கால் நீட்டித் தூங்கினாள். கட்டிலில் கிடந்தவர் பேசுவதை நிறுத்தியிருந்தது அவளுக்கு உடனே தெரியவில்லை. தெரிந்தபோது முதலில் நல்லதாய்ப் போயிற்று என்றுதான் பட்டது. கஞ்சிக் கிண்ணத்தோடு போவாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார். பொங்கலும் வந்து போனது. தெருவெல்லாம் கோலமும் மாட்டுமணியுமாக இருந்த அன்று, அந்த வீட்டில் அவள் மூச்சுவிடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கேட்டாள். அந்தப் பேரையாவது சொல்லுங்க என்றுகூடக் கேட்டாள். அவர் கண் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சாமான்களைப் பற்றித்தான் ஏதாவது சொல்லவந்தாரோ, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் இருந்து அவற்றுக்கு ஏதும் சேதி சொல்லவந்தாரோ என்று அவளுக்குப் புதிதாக ஒரு கலக்கம் பிடித்தது. பேகம்பூரில் பெனாங்குக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் உள்ளூர்க்காரர் காதில் அந்தப் பேர் விழுந்தால் ஊர் முழுக்கப் போய்விடும். மதுரையில் சீனத்துப் பல் வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று ஸ்ரீமதி சொன்னாள். ஸ்ரீமதியைக் கட்டிலுக்குக் காவல் வைத்துவிட்டு ராக்கம்மாள் பஸ் ஏறினாள்.

வைத்தியருக்கு வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். முகம் அவள் துடைத்த முகங்களில் ஒன்றுபோலவே இருந்தது, பேச்சு மட்டும் அசல் மதுரை. பல் வலி இல்லை என்று தெரிந்ததும் ஆச்சரியப்பட்டு, உட்காரவைத்துக் கேட்டார். அவள் கூச்சத்தோடு அந்த வார்த்தைகளைச் சொன்னாள். இரண்டு மூன்று தரம் சொல்லச் சொன்னார்.

"எங்க பாஷை இல்லம்மா இது" என்றார். "சீனத்துல ஊருக்கு ஒரு பேச்சு. எங்க அய்யா அங்க உள்நாட்டுக்காரரு, கடலே இல்லாத பக்கம். பெனாங்குல இருக்கிறவுக கடக்கரை ஆளுக. அவுக பேசுறதும் எங்களுக்குப் புரியாது. எனக்கு எங்க பேச்சே வீட்டுல சாப்பாட்டுக்குக் கேக்குற அளவுதான் வரும்."

அவள் எழுந்தபோது, உங்கள் ஊரிலேயே பெனாங்குக்குப் போய்வந்த ராவுத்தர்கள் இருப்பார்களே, அவர்களைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வேறு வழி இல்லாமல் பேகம்பூருக்குப் போனாள். கிதர் முகம்மது அங்கே சீனர் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். வயதாகி, கண்பார்வை மங்கி, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகள் காதர் பீவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் ராக்கம்மாளுக்கு மறந்துபோனது. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, எடுத்த எடுப்பில், "சியா பா போய்" என்றாள்.

கிழவரின் முகம் மலர்ந்தது. "சியா பா லியாவ்" என்றார். பிறகு தமிழில், ஆச்சும்மா, இப்பத்தான் ஆச்சு என்றார்.

"என்ன ஆச்சு?"

"சாப்பாடுதான். நீ கேட்டதுக்குத்தான சொல்றேன்."

"நான் ஒண்ணும் கேக்கலியே பாய். அது யாரு, அந்தப் பொம்பள?"

"பொம்பளயா? சாப்ட்டியான்னு கேக்குறதும்மா அது. நம்ம ஊர்ல வாங்கன்னு சொல்ற மாதிரி. அங்க யாரு யாரப் பாத்தாலும் மொத வார்த்த அதுதான்."

ராக்கம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிதர் முகம்மது பதறிப்போய் மகளைக் கூப்பிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்படி விழுந்த ஆட்களுக்குச் சிலசமயம் ஒரு பாஷை போய் இன்னொன்று மட்டும் தங்கிவிடும், தன் அண்ணனுக்கும் மலாய் மட்டும்தான் மிஞ்சியது என்றார். அவள் கடைசியாகக் கேட்டாள், அங்கே அவருக்கு ஒரு சீனத்தி இருந்தாளா என்று. கிழவர் தெரியாது என்றார். பெனாங்கு பெரிய ஊர், படக்கடைக்காரரை அவர் அங்கே பார்த்ததே இல்லை. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்.

"அப்ப, சாப்ட்டியான்னு அவுக என்னயத்தான் கேட்டாகளா, அவளயா?"

"அத அவர்தான் சொல்லணும் தங்கச்சி" என்றார் கிதர் முகம்மது.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் கட்டிலருகே போய் நின்றாள். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். சியா பா லியாவ். சாப்பிட்டாயிற்று. அய்யனாரின் கண் கூரையிலிருந்து இறங்கி அவள் முகத்துக்கு வந்தது. உதடு அசைந்ததுபோல இருந்தது. அவள் காதை அவர் வாயருகே வைத்துக் காத்திருந்தாள். மூச்சு மட்டும்தான் வந்தது. உண்மையில் அவள் அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அடுத்த நாளே கருப்புசாமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனாள். மிக்கேல்ராஜ் கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டு அவருக்கே முகம் வாடிப்போனது. குவான் இம்மை ஊரைவிட்டே போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வாங்கிவிட்டார்கள். சிங்கங்களும் பலகையும் பம்பாய்க்குப் போய்விட்டன. கடையின் பின்பக்கத்தில் மிஞ்சியிருந்தது மூன்று தாடிக்காரர்கள். மூன்றின் முதுகு மூடியும் திறந்து கிடந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்க வருகிறவர்கள் பார்க்கக் கேட்பார்கள், அதனால் திறந்தேன் என்றார். உள்ளே இருந்தது கொஞ்சம் நெல், சிவப்பு நூல், ஒரு செத்த பூச்சி. அதை அவர் கூட்டித் தள்ளிவிட்டிருந்தார். காசு ஒன்றும் வேண்டாம் என்று மூன்றையும் கட்டிக்கொடுத்தார்.

அவற்றைக் கட்டிலின் கால்மாட்டில், அவர் கண்ணுக்கு நேரே வைத்தாள். முதுகு தெரியாமல் சுவரோடு ஒட்டி வைத்தாள். அய்யனார் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே உசிர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே ராக்கம்மாளுக்குத் தோன்றியது. மாசி பிறந்த பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. பங்குனியில் ஒரு விடிகாலையில் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்கத் தாடிக்கொம்பிலிருந்து தம்பி மகன் அருண்பாண்டி வந்தான். கிதர் முகம்மது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, தெருமுனைவரை நடந்தார். மூன்று தாடிக்காரர்களையும் அய்யனாரோடு சிதையில் வைத்து அனுப்பிவிடலாம் என்று ராக்கம்மாள் சொன்னாள். சுடுகாட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு அவளே ஒருநாள் அவற்றைச் சாக்கில் போட்டு எடுத்துப்போய், குடகனாற்றங்கரையில் ஒரு புளியமரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள். யாரும் எடுக்கவில்லை. மழையில் அவை சாய்ந்து கிடந்ததை அருண்பாண்டி பார்த்துவந்து சொன்னான்.

கடையைக் கருப்புசாமி எடுத்துக்கொண்டு சைக்கிள் கடையோடு சேர்த்துக்கொண்டார். ராக்கம்மாள் ஒண்டியாகவே அந்த வீட்டில் இருந்தாள். நடு அறைப் பலகைகளைக் கழற்றி விறகுக்குப் போட்டுவிட்டு, வேடசந்தூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு கிளார்க் குடும்பத்துக்கு அறையை வாடகைக்கு விட்டாள். அவர்கள் அங்கே ஒரு டிவியும் கட்டிலும் போட்டார்கள்.

ஆனால் அய்யனார் செத்த சேதி எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை. வருஷக்கணக்காக அவர் சொல்லிவைத்த இடங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டிவந்தவர் சாக்குக்குள் ஒரு ஜாடியோடு வந்தார். சிறுமலையிலிருந்து ஒரு கிழவி பழக்கூடைக்கு அடியில் ஒரு ஈயக் கிண்ணம் வைத்துக் கொண்டுவந்தாள். படக்கடைக்காரர் முருகன் படம் கொடுப்பாராமே என்று கேட்டார்கள். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, அவர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

எண்பத்தெட்டு சித்திரையில் நத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வெயிலில் நடந்து வந்தவர், சேதியைக் கேட்டுத் திண்டாடி நின்றார். வீடு மாற்றுகிறோம், இதைக் கொண்டுபோக வீட்டில் சம்மதிக்கவில்லை, தூக்கிப்போடவும் பயமாக இருக்கிறது என்றார். வேண்டாம் என்று ராக்கம்மாள் சொன்னாள். அவர் செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, துணி மூட்டையை வாசற்படியோரம் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து அவள் மூட்டையை அவிழ்த்தாள். ஒரு முழ உயரத்துக்கு ஒரு மரச்சாமி. சாயம் முழுக்கப் போயிருந்தது. ஒரு கையில் ஏதோ ஒன்றைப் பிடித்திருந்தது; பாதி முறிந்து, அது கத்தியா, பூவா, சுருட்டிய ஓலையா என்று தெரியவில்லை. முகம் ஆணா பெண்ணா என்றும் சொல்ல முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துப் பார்த்தாள். பேரைக் கேட்டுக்கொள்ள இனிமேல் யாரும் இல்லை. கிதர் முகம்மது தை மாதமே போய்ச் சேர்ந்திருந்தார். கிளார்க்கின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, என்னக்கா அது என்று கேட்டாள்.

"தெரியலத்தா" என்றாள் ராக்கம்மாள்.